முனி கூப்பிடாத வியாழக்கிழமை

சூசைராஜ் இருபத்து மூன்று ஆண்டுகள் ரயில்வே கேட் கீப்பராக இருந்தார். அந்த வேலையில் பொய்க்கு இடமில்லை. ஸ்டேஷனிலிருந்து போன் வரும். வண்டியின் எண்ணைச் சொல்வார்கள். கேட்டை மூடிப் பூட்டிவிட்டு, மூடியதற்குச் சாட்சியாக ஒரு ரகசிய எண்ணைத் திருப்பிச் சொல்ல வேண்டும். மூடாமலே எண்ணைச் சொன்னால் ஆள் சாவான். சூசைராஜ் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. அவர் சொன்ன பொய் வேறு. ஒரு மத்தியானம், ஓர் ஆட்டுக்காரரிடம், பாதி விளையாட்டாகச் சொன்னது. அது பல உயிர்களைக் காப்பாற்றியது. பிறகு ஓர் உயிரை எடுத்தது.

வடமதுரைக்கும் அய்யலூருக்கும் நடுவில், தண்டவாளத்தை ஒட்டி இருக்கிறது செங்குளத்துப்பட்டி. ஊர் ஒரு பக்கம். பஸ் நிற்கும் நெடுஞ்சாலை, பள்ளிக்கூடம், ரேஷன் கடை, மேய்ச்சல் கரடு எல்லாம் மறுபக்கம். பிறந்த பிள்ளைக்குத் தடுப்பூசி போடவும் தண்டவாளத்தைத் தாண்ட வேண்டும், செத்தவரைப் புதைக்கவும் தாண்ட வேண்டும். அந்த இடத்துக் கேட்டுக்குத்தான் சூசைராஜ் வந்து சேர்ந்தார்.

அவருக்குச் சொந்த ஊர் பஞ்சம்பட்டி. அப்பா திண்டுக்கல் தோல் ஷாப்பில் தோல் அலசியவர். சூசைராஜ் பன்னிரண்டாவது முடித்து, ரயில்வேயில் முதலில் தண்டவாளப் பராமரிப்பு கேங்கில் சேர்ந்தார். சுத்தியலும் கடப்பாரையும் தூக்கிக்கொண்டு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் நடக்கிற வேலை. அந்த எட்டு வருடத்தில் பதினோரு உடல்களை எடுத்திருக்கிறார். எடுத்தார் என்பது சரியான சொல் இல்லை. பொறுக்கினார். வாளி கொண்டுபோய்ப் பொறுக்கினார். அதனால்தான் கேட்டுக்கு மாறியதும் அந்த வேலையை வேறு யாரும் பார்க்காத மாதிரி பார்த்தார்.

ஜனங்கள்தான் அவரை விடவில்லை. கேட் விழுந்தால் பைக்கைச் சாய்த்து அடியில் நுழைத்துவிடுவார்கள். புல்லுக்கட்டுக்காரிகள் குனிந்து வருவார்கள். ஆட்டுக்காரர்கள் ஆட்டை விட்டுவிட்டு, ஆட்டைப் பிடிக்கப் போகிற சாக்கில் தாங்களும் போவார்கள். காரில் வருகிறவன் கண்ணாடியை இறக்கி, "ஏலே கேட்டு, தொறடா! ரயில் வந்தா நான் பேசிக்கிறேன்" என்பான். ஒருமுறை கட்சிக்கரை வேட்டிக்காரர் ஒருவர், துக்க வீட்டுக்கு நேரமாகிறது என்று சூசைராஜின் கன்னத்தில் அறைந்தார். சூசைராஜ் புகார் எழுதினார். "எதுக்குப்பா வம்பு, கைகுடுத்துட்டுப் போங்க" என்று சமாதானம் செய்து அனுப்பினார்கள். ஒரு மனிதன் தன் உயிரைக் காப்பாற்ற நிற்கிறவனை அடிக்கலாம், அடித்துவிட்டு வீட்டுக்குப் போகலாம் என்கிற நாடு இது.

அங்கு வந்த ஐந்தாம் வருடம் அந்தப் பேச்சு நடந்தது. கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு புளியமரம். அதன் அடியில் நட்டு வைத்த ஒரு கல். ஊர்க்காரர்கள் அதை வழிமறிச்சான் முனி என்பார்கள். பாண்டி என்கிற ஆட்டுக்காரர், கேட் மூடியிருக்கும்போதே கம்பிக்கு அடியில் பாதி உடம்பை நுழைத்துக்கொண்டு, சூசைராஜிடம் கேட்டார்:

"ஏண்ணே, எல்லா ரயிலும் இந்த எடத்துக்கு வந்ததும் கத்துதே, அது ஏன்?"

காரணம் எளிது. கேட்டுக்கு அறுநூறு மீட்டர் முன்னால், இரண்டு பக்கமும், தண்டவாள ஓரத்தில் ஒரு மஞ்சள் பலகை நட்டிருக்கும். அதைப் பார்த்ததும் ஓட்டுநர் ஹாரன் அடிக்க வேண்டும் என்பது விதி. கேட் இருக்கிற இடமெல்லாம் பலகை இருக்கும். சூசைராஜ் இதைப் பாண்டிக்கு ஏற்கெனவே இரண்டு முறை சொல்லியிருக்கிறார். பாண்டி தலையை ஆட்டிவிட்டு மறுநாளும் நுழைந்திருக்கிறார். அன்று வெயில், பசி, எரிச்சல்.

"அது ரயில் கத்துறதில்லப்பா. உங்க முனிக்கு டிரைவர் வணக்கம் வைக்கிறான். அந்தச் சத்தத்துலயே முனியும் பதிலுக்குக் கூப்பிடுறாரு. அவரு கூப்பிடுற நேரத்துல குறுக்க போனா சும்மா விடுவாரா?"

பாண்டி அப்படியே நின்றார். நுழைத்த காலைப் பின்னால் எடுத்தார்.

"மெய்யாவா?"

"பின்ன? போன மாசம் அய்யலூருப் பக்கம் செத்தானே, அவன் முனி கூப்பிட்டும் நிக்காதவன்."

கன்னத்தில் போட்டுக்கொண்டு பாண்டி போய்விட்டார். பத்து நாளில் அந்தப் பேச்சு ஊரெல்லாம் பரவியது. மூன்று மாதத்தில் அது பல தலைமுறையாக இருக்கிற நம்பிக்கை ஆகிவிட்டது. ஹாரன் கேட்டால் பெண்கள் நின்ற இடத்தில் நின்று கும்பிட்டார்கள். பைக்கில் வருகிறவன் எஞ்சினை அணைத்தான். சட்டத்துக்கும் கேட்டுக் கம்பிக்கும் அடங்காத ஜனம் ஒரு கல்லுக்கு அடங்கியது. அரசாங்கத்தின் வார்த்தையை நம்பி அந்த ஊருக்கு எதுவும் நல்லது நடந்ததில்லை. ஆகவே அரசாங்கத்தின் பலகையை அது மதிக்கவில்லை. இதில் சிரிக்க ஒன்றுமில்லை.

சூசைராஜுக்கு உள்ளுக்குள் பெருமைதான். அடுத்த பதினெட்டு வருடத்தில் அந்தக் கேட்டில் ஒரு சாவு இல்லை. கோட்ட அலுவலகத்தில் கூப்பிட்டு, பாதுகாப்புக்கென்று ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள். அவருடைய மனைவி இன்னாசியம்மாள் அதை மாதா படத்துக்குக் கீழே மாட்டினார். "நம்ம கோயில் பூசைக்கு வர நேரமில்ல, ஊரான் முனிக்கு ஊழியம் பாக்க மட்டும் நேரமிருக்கு" என்று குத்திக்காட்டுவார். இருவரும் சிரிப்பார்கள்.

பிறகு கேட்டை எடுத்துவிட்டுச் சுரங்கப்பாதை கட்டப் போவதாக அறிவிப்பு வந்தது. கேட்டை எடுத்தால் விபத்து குறையும் என்பது உண்மைதான். ஆனால் சுரங்கப்பாதையில் தண்ணீர் நிற்கக் கூடாது. இடத்தைப் பார்க்க வந்த அதிகாரிகளிடம் பாண்டி கேட்டார்: "சார், செங்குளத்துத் தண்ணி மொத்தமும் இந்தப் பக்கந்தான் எறங்கும். பள்ளம் தோண்டுனா எங்க போகும்?" வடிகால் இருக்கிறது, வரைபடத்தில் இருக்கிறது என்று பதில் சொன்னார்கள். வரைபடத்தில் இருந்தது. தரையில் கடைசிவரை வரவில்லை.

இரண்டாயிரத்து இருபத்திரண்டு ஜூன் மாதம் கேட்டை மூடினார்கள். அதே மாதக் கடைசியில் சூசைராஜுக்கும் ஓய்வு. மூடிய மறுநாள் கேங் ஆட்கள் வந்து இரண்டு மஞ்சள் பலகைகளையும் பிடுங்கினார்கள். கேட் இல்லாத இடத்தில் ஹாரன் எதற்கு? விதிப்படி சரி. ஒரு பலகையைத் தள்ளுவண்டியில் ஏற்ற ஆள் போதவில்லை என்று சூசைராஜும் ஒரு கை பிடித்தார். பிடிக்கும்போதே அவருக்குத் தெரியும், இனிமேல் இந்த இடத்தில் ரயில் சத்தமில்லாமல் வரும். முன்பு டீசல் எஞ்சின் அரை மைல் முன்னாலேயே உறுமும். இப்போது எல்லாம் மின்சார எஞ்சின். வளைவு திரும்பிய பிறகுதான் தெரியும்.

ஊர் அவருக்கு வழியனுப்பு விழா நடத்தியது. புளியமரத்தடியில் நாற்காலி போட்டு, துண்டு போர்த்தி, பாயசம் ஊற்றினார்கள். முனிக்குப் பூசை வைக்கிற தண்டாயுதபாணி மைக்கைப் பிடித்து, "கேட்டுக்காரரு வேதக்காரருதான். ஆனாலும் நம்ம முனியோட அருமையை நமக்கே எடுத்துச் சொன்ன மனுசன்" என்றார். கைதட்டினார்கள். அடுத்து மைக் சூசைராஜின் கைக்கு வந்தது.

அவர் சொல்ல வேண்டியது ஒரே ஒரு வரி. இனிமே ரயில் கத்தாது, பலகையைப் பிடுங்கிட்டாங்க. அதைச் சொன்னால் பலகை என்றால் என்ன என்று கேட்பார்கள். பலகையைச் சொன்னால் முனி போய்விடுவார். துண்டு தோளில் இருக்கிறது, பாயசம் இன்னும் சூடு ஆறவில்லை. ஒரு கிறிஸ்தவன் தங்கள் சாமியைப் பதினெட்டு வருடம் விளையாட்டுப் பொருளாக்கியிருக்கிறான் என்று யாராவது ஒருவன் கிளப்பினால் போதும். சூசைராஜ் தொண்டையைக் கனைத்தார்.

"எல்லாரும் சப்வே வழியாவே போங்க. மேல ஏறாதீங்க. நல்லா இருங்க."

அவ்வளவுதான். உட்கார்ந்துவிட்டார்.

மழை வரும்வரை ஊர் சுரங்கப்பாதையில்தான் போனது. மேலே யாரும் ஏறவில்லை. பழைய பழக்கத்தில் சில ஓட்டுநர்கள் அந்த இடத்தில் ஹாரன் அடித்தார்கள், சிலர் அடிக்கவில்லை. ஊருக்குள் இருந்தவர்களுக்கு அது ஒரு வித்தியாசமாகவே படவில்லை. எப்போதாவது கேட்கிற எச்சரிக்கை, எப்போதுமே இல்லாத எச்சரிக்கையைவிட மோசமானது. அதை நம்பிவிடுவோம்.

அக்டோபரில் மழை இறங்கியது. சுரங்கப்பாதையில் இடுப்பளவுத் தண்ணீர். அன்று வியாழக்கிழமை, அய்யலூர் ஆட்டுச் சந்தை. சொர்ணலட்சுமி நான்கு ஆடு வைத்திருந்தார். கணவர் இல்லை. ஒரே மகள் சௌந்தர்யா, பக்கத்து நூற்பாலையில் ஷிப்டு வேலை. காலை ஆறரை மணி, நெடுஞ்சாலையில் சந்தைக்குப் போகிற வேன் நிற்கிறது. ஆட்டைத் தண்ணீரில் இறக்க முடியாது. மேலே ஏறினார். கேட்டுக்குப் பதிலாகப் போட்ட வேலியில் ஆள் நுழைகிற அளவுக்கு இடைவெளி ஏற்கெனவே விழுந்திருந்தது.

மறுபக்கத்தில் பாண்டி தன் ஆடுகளோடு நின்றிருந்தார். நடந்தது முழுவதையும் பார்த்தவர் அவர் ஒருவர்தான்.

"சொர்ணம் ஓடி வரலங்க" என்று அவர் இன்றுவரை எல்லோரிடமும் சொல்கிறார். "ஜல்லிக்கல்லு ஓரமா வந்து நின்னுச்சு. ஆட்டுக் கயித்தைக் கையில சுத்திக்கிட்டுச்சு. முனியைப் பாத்துக் கும்பிட்டுச்சு. தலையைச் சாச்சுச் செத்த நேரம் கேட்டுச்சு. ஒண்ணுங் கேக்கல. நானுந்தான் கேட்டேன், ஒரு சத்தமும் இல்ல. அப்புறந்தான் காலை வச்சுச்சு."

முதல் ஆடு தண்டவாளத்தில் மிரண்டு நின்றது. சொர்ணலட்சுமி இழுத்தார். வளைவு திரும்பி எக்ஸ்பிரஸ் வந்தது. ஓட்டுநர் பார்த்த கணத்தில் ஹாரனை அழுத்தினார். வளைவிலிருந்து அந்த இடத்துக்கு இருநூறு மீட்டர். அந்த வேகத்தில் ஏழு விநாடிகூட இல்லை. கயிறு கையில் சுற்றியிருந்தது.

காவல்துறை எழுதிய காகிதத்தில் இப்படி இருக்கிறது: கவனக்குறைவாக, அத்துமீறித் தண்டவாளத்தைக் கடந்தபோது. சுரங்கப்பாதையின் தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எடுத்த பலகையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நின்று, கும்பிட்டு, காது கொடுத்துக் கேட்டுவிட்டுக் கால் வைத்த ஒரு பெண்ணுக்குக் கவனக்குறைவு என்று பெயர் வைத்தார்கள்.

ஊர் வைத்த பெயர் அதைவிடக் கேவலம். முனி ஏன் கூப்பிடவில்லை என்கிற கேள்விக்கு விடை வேண்டியிருந்தது. தண்டாயுதபாணி கண்டுபிடித்தார்: அவள் வீட்டுக்குத் தூரமாக இருக்கும்போது முனியைக் கும்பிட்டிருக்கிறாள், தீட்டு. அதற்குப் பிறகு வந்த வண்டிகளும் ஹாரன் அடிக்காமல் போகப் போக, பேச்சு இன்னும் பெருத்தது. அவள் செய்த குற்றத்தால்தான் முனி வாயை மூடிக்கொண்டார்.

மகளுக்கு இது காதில் விழுந்தது. தெருக் குழாயில் தண்ணீர் பிடிக்கப் போனால் குடங்கள் விலகின. ஒருநாள் குழாயடியில் சௌந்தர்யா குடத்தைக் கீழே வைத்துவிட்டு, எல்லோருக்கும் கேட்கச் சொன்னாள்:

"எங்கம்மாவுக்கு மூணு வருசத்துக்கு முந்தியே திண்டுக்கல் பெரியாஸ்பத்திரில கர்ப்பப்பையை எடுத்தாச்சு. தீட்டு எங்கேருந்து வந்துச்சு? யாராச்சும் சொல்லுங்க."

ஒரு பெண், தன் செத்துப்போன தாயின் வயிற்றில் என்ன இருந்தது, என்ன இல்லை என்று தெருவில் நின்று சொல்ல வேண்டி வந்தது. ஒரு வாரம் கழித்துத் தண்டாயுதபாணி சொன்ன பதில்: "அப்ப வேற ஏதோ குத்தம் இருந்திருக்கும்." இப்படிப்பட்ட நம்பிக்கைக்கு ஆதாரம் காட்டி ஒன்றும் ஆகாது. ஒரு குற்றத்தை எடுத்துவிட்டால் இன்னொரு குற்றத்தை வைத்துக்கொள்ளும். செத்தவள் பெண்ணாகவும் ஏழையாகவும் இருந்தால் குற்றத்துக்குப் பஞ்சமே வராது.

சூசைராஜுக்குச் செய்தி பேப்பரில்தான் தெரிந்தது. நான்கு வரிச் செய்தி. பதினாறாம் நாள் காரியத்துக்குப் போனார். பாண்டி அவர் கையைப் பிடித்துக்கொண்டு, சொர்ணலட்சுமி தலையைச் சாய்த்துக் கேட்டதைச் சொன்னார். அவள் எதற்காகக் காது கொடுத்தாள் என்பது அந்தப் பந்தலில் சூசைராஜ் ஒருவருக்குத்தான் முழுதாகத் தெரியும். சௌந்தர்யா வந்து, "மாமா, சாப்ட்டுப் போங்க" என்றாள். சின்ன வயதில் பள்ளிக்கூடப் பையோடு கேட்டில் நிற்கும்போதே அவளுக்கு அவர் கேட்டு மாமாதான். அவர் இலையில் உட்கார்ந்தார், சாப்பிட்டார். ஒன்றும் சொல்லவில்லை. பஸ் ஏறிவிட்டார்.

ஒரு வருடமும் இரண்டு மாதமும் அவர் அப்படியே இருந்தார். அவரை நல்லவர் என்று சொல்வதில் தடையில்லை. ஆனால் அந்தப் பதினான்கு மாதமும் ஒரு பெண் தன் தெருவில் குடம் விலகுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

கடைசியில் இன்னாசியம்மாள்தான் பேசினார். ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து வரும் வழியில்.

"பாவசங்கீர்த்தனத்துல சாமியார்ட்ட சொன்னீகளா?"

"சொல்லிட்டேன்."

"என்ன சொன்னாரு?"

"ஆண்டவர் மன்னிச்சிட்டாருன்னாரு."

"சரி. அந்தப் புள்ளைக்கு யாரு போயிச் சொல்லுவா, ஆண்டவரா?"

மறுநாள் அவர் நூற்பாலை வாசலுக்குப் போனார். மத்தியானம் இரண்டு மணி, ஷிப்டு மாறும் நேரம். தலையில் பஞ்சுத் தூசியோடு சௌந்தர்யா வெளியே வந்தாள். எதிரே இருந்த டீக்கடை பெஞ்சில் உட்காரச் சொன்னார். பலகை, ஹாரன், பாண்டியிடம் சொன்ன பொய், பிடுங்கிய நாள், மைக் என்று எல்லாவற்றையும் சொன்னார். அவள் டீயைத் தொடவே இல்லை.

"இம்புட்டும் அன்னைக்கே தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும் தாயி."

"எங்கம்மா காரியத்துல எலையில உக்காந்து சாப்ட்டீங்களே, அப்பவும்?"

"தெரியும்."

"வெஞ்சனம் போதுமான்னு நான் கேட்டேன். போதும்னு சொன்னீங்க."

அவர் அழுதார். அவள் அழவில்லை.

"அழுகாதீங்க மாமா. எனக்கு அதைப் பாக்க நேரமில்ல. பஸ்சு வந்துரும். இதை ஊர்ல வந்து சொல்லுவீங்களா?"

"சொல்றேன். நம்புவாங்களா? வேதக்காரன் நம்ம சாமியைப் பேசுறான்னு ஒரு ஆளு கெளப்பினாப் போதும்."

சௌந்தர்யா கேட்டாள்: "இந்தப் பலகை இன்னும் வேற எங்க இருக்கு?"

"கேட் இருக்கிற எடமெல்லாம். பக்கத்துல புதுக்குளம் கேட்ல இருக்கு. நாலு மைலு."

"அங்க முனி இருக்காரா?"

"இல்ல. சுத்தியும் வெறும் மக்காச்சோளக் காடு."

"அப்ப அங்க கூட்டிப் போவோம்" என்றாள். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள். ஒரு சந்தேகத்தைத் தீர்க்க என்ன செய்ய வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. இருபத்து மூன்று வருடம் அதே தண்டவாளத்தில் நின்றவருக்குத் தோன்றவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஊர் டீக்கடையில் சூசைராஜ் எழுந்து நின்று சொன்னார். அவர் பயந்தபடிதான் ஆரம்பித்தது.

"வயசானதும் மூளை கொழம்பிருச்சா கேட்டுக்காரரே?"

"இவரு மதத்துல சேக்க ஆளு புடிக்க வந்திருக்காருப்பா!"

"பதினெட்டு வருசமா பொய் சொன்னேங்கிற. இப்ப சொல்றது மட்டும் நெசம்னு எப்படி நம்புறது?"

மூன்றாவது கேள்வி நியாயமானது. அதற்குச் சௌந்தர்யா பதில் சொன்னாள்: "நம்ப வேணாம். வந்து பாருங்க. புதுக்குளம் கேட்டுக்குப் போவோம். காலைல இருந்து உச்சி வரைக்கும் உக்காருவோம். அங்கயும் ரயில் கத்துச்சுன்னா, அது எந்த முனிக்கு வைக்கிற வணக்கம்னு நீங்களே சொல்லுங்க."

பாண்டியும் ஆட்டுக்காரப் பெண்கள் ஆறு பேரும் வந்தார்கள். தண்டாயுதபாணி வரவில்லை. மினிபஸ்ஸில் போய் இறங்கி, கேட்டிலிருந்து தள்ளி வரப்பில் வரிசையாக உட்கார்ந்தார்கள். மஞ்சள் பலகை கண்ணுக்குத் தெரிந்தது. முதல் வண்டி வந்தது. பலகையைத் தாண்டும் இடத்தில் ஹாரன் அடித்தது. பெண்களில் இரண்டு பேர் பழக்கத்தில் கையைக் கூப்பி, கூப்பிய கையைக் கீழே விட்டார்கள். இரண்டாவது வண்டி எதிர்ப்பக்கத்திலிருந்து வந்தது. அந்தப் பக்கத்துப் பலகைக்கு நேராக ஹாரன். மூன்றாவது சரக்கு வண்டி. அதுவும் அடித்தது. உச்சிக்குள் ஏழு வண்டிகள் போயின. ஏழும் அடித்தன.

"இங்க ஒரு கல்லுகூட நட்டு வைக்கலையே" என்றாள் ஒருத்தி.

பாண்டி துண்டால் முகத்தை மூடிக்கொண்டு, "நானும் அன்னைக்குக் காது குடுத்துக் கேட்டேனே தாயி. ஒண்ணும் வரலன்னு நானும் நம்பிட்டேனே. வளைவைப் பாத்திருந்தா ஒரு சத்தம் போட்டிருப்பேனே" என்றார். வயதில் மூத்த ஒருத்தி சௌந்தர்யாவின் கையைப் பிடித்து, "ஒங்க ஆத்தா மேல ஒரு குத்தமும் இல்லடி. நாங்கதான் வாய் கூசாமப் பேசிட்டோம்" என்றாள். சௌந்தர்யா தலையை ஆட்டினாள். கையை விடுவித்துக்கொண்டாள்.

தண்டாயுதபாணியிடம் போய்ச் சொன்னபோது அவர் கொஞ்சமும் அசரவில்லை. "அந்தப் பொய்யைக் கேட்டுக்காரரு வாயில வச்சதே முனிதான்" என்றார். அதை நம்பவும் ஊரில் ஆள் இருந்தது, இன்றும் இருக்கிறது. ஆனால் குழாயடியில் குடங்கள் விலகுவது நின்றது.

காகிதம்தான் மாறவில்லை. பலகை எடுத்த நாள், எடுத்ததை ஊருக்கு யாரும் சொல்லாதது, தானும் சொல்லாதது என்று எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்துப் போட்டு, சூசைராஜ் ரயில்வேக்கும் காவல்துறைக்கும் பதிவுத் தபாலில் அனுப்பினார். ஒரு பதில் வந்தது. வழக்கு முடிக்கப்பட்டுவிட்டது, மீண்டும் திறக்க முகாந்திரம் இல்லை. சுரங்கப்பாதைக்கு மோட்டார் வைக்கச் சொல்லி ஊர் கொடுத்த மனுவுக்கு அந்தப் பதிலும் வரவில்லை.

போன ஐப்பசியில் மறுபடி மழை. மறுபடி வியாழக்கிழமை. சுரங்கப்பாதை நிரம்பியிருக்கும் என்று தெரிந்து, சூசைராஜ் விடியற்காலைப் பஸ்ஸில் போய் இறங்கி, தொடையளவுத் தண்ணீரில் சுரங்கப்பாதையைத் தாண்டிச் செங்குளத்துப்பட்டிக்குள் வந்தார். ஊர்ப் பக்கம் வேலி ஓரத்தில் எட்டுப் பத்துப் பெண்கள் ஆடுகளோடு நின்றிருந்தார்கள். மேலே ஏறுவது சட்டப்படி தவறு, உயிருக்கும் ஆபத்து. அது அங்கு நின்ற எல்லோருக்கும் தெரியும். சந்தைக்கு வேறு வழி இல்லை என்பதும் தெரியும். அவர்களே ஓர் ஏற்பாடு செய்திருந்தார்கள். அந்தப் பக்க வளைவில் பாண்டி, இந்தப் பக்க வளைவில் சௌந்தர்யா. இரண்டு பேரும் துண்டை உயர்த்திக் காட்டினால்தான் ஒரு கால் தண்டவாளத்தில் விழும். அன்று சௌந்தர்யா ஷிப்டுக்கு லீவு போட்டிருந்தாள்.

சூசைராஜ் ஜல்லி ஓரமாக நடந்து அவள் நின்ற இடத்துக்குப் போனார்.

"நீ வேலைக்குப் போ தாயி. இதை நான் பாத்துக்கறேன். எனக்கு இதுதான வேலை. எந்த வண்டி எப்ப வரும்னு எனக்குத் தெரியும்."

அவள் வளைவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"வேணாம் மாமா."

"மழை வலுக்குது. குடையாவது பிடிக்கிறேன்."

"வேணாம். கோவத்துல சொல்லல. நீங்க சொல்லி யாரும் தாண்ட வேணாம். அவ்ளோதான். போயிட்டு வாங்க."

அவள் துண்டை உயர்த்தினாள். எதிர் வளைவில் பாண்டியின் துண்டும் உயர்ந்தது. பெண்கள் ஆட்டை இழுத்துக்கொண்டு இரண்டு இரண்டு பேராகத் தாண்டினார்கள். சூசைராஜ் அவர்களோடு சேர்ந்து தாண்டவில்லை. திரும்பி வந்து, செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்து, வேட்டியை மடித்துக் கட்டி, சுரங்கப்பாதையில் இறங்கினார். இடுப்புக்கு மேல் ஏறிய தண்ணீரில், ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு, நெடுஞ்சாலைப் பஸ்ஸுக்கு நடந்தார்.